ஷமீம் சிரித்தது

வலது கை மட்டும் விரிய மறுத்தது.

"இழுக்காதம்மா, ஒடிஞ்சு போவும்," என்றாள் ஷம்ஸியா. "வெந்நிய ஊத்திக்கிட்டே பைய ஒவ்வொரு வெரலா எடு. மய்யித்துக்கும் நோவும்லா."

மேலப்பாளையத்தின் இந்தத் தெருவில் எந்த வீட்டில் பெண் மவுத்தானாலும் உடலைக் குளிப்பாட்ட வருகிறவள் ஷம்ஸியா. அறுபது தாண்டியும் கை நடுங்காது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புழக்கடையில் போட்டிருந்த பலகையின் தலைமாட்டில் நின்றாள். மர்வா தன் உம்மாவின் மேல் போர்த்திய துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசியா உம்மாள் தங்கை ஷமீமின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கும் அதன்மேல் மூடியிருந்தன. நோய் முதலில் வந்து உட்கார்ந்தது அந்தக் கட்டைவிரலில்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிய விரல் அது. இலையின் முனையை மடக்கும்போது நழுவுகிறது என்று ஷமீம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பீடிக்கடையில் கட்டுகளைக் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். வேலையில் கவனம் இல்லை என்றார்கள். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

"இவ பீடி சுத்துத வேகம் இந்தத் தெருவுல ஒருத்திக்கும் வராது," என்றாள் ஷம்ஸியா, தலைமுடியில் தண்ணீரை விட்டுக்கொண்டே. "கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இவ சிரிப்புச் சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். என்னன்னு பாக்க அடுப்ப அணைச்சிட்டு ஓடியாருவேன். வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது, சும்மா சிரிச்சிக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, ஆசியா உம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டு, மக்கைத் தண்ணீருக்குள் முக்கினாள்.

எல்லோருக்கும் தெரியும். ஏர்வாடியில் ஆசியா உம்மாள் வீட்டில் நடந்தது மேலப்பாளையத்துக்கு வந்து சேர அன்று ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஆசியா உம்மாளின் புருஷன் பீர் முகம்மது, கைலி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் வியாபாரத்துக்குப் போனவர், வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையில் டம்ளர் இருந்ததாம், டீ சிந்தவில்லையாம். அதைத்தான் வந்தவர்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆசியா உம்மாளை வெள்ளைச் சேலை கட்டி நடு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மத்தியான பஸ்ஸில் ஷமீம் வந்தாள். "லாத்தா" என்று ஒரு வார்த்தை. அப்படியே அக்காளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று இவளுக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். காதோரமாக முதலில் மூச்சு மாதிரி வந்து, பிறகு தடையில்லாமல், அறை முழுக்கக் கேட்கும்படி, ஷமீம் சிரித்தாள்.

யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ஷமீம் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அதையும் மீறிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். ஓதப் போன இடத்தில் லெப்பையின் தொப்பி மேல் ஈ உட்கார்ந்தால் போதும், அவளுக்கு அடக்க முடியாது. கூடவே உட்கார்ந்த குற்றத்துக்கு ஆசியாவுக்கும் பிரம்படி விழும். அதனால் அன்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மச்சான் மவுத்தாகிக் கிடக்கிற வீட்டில், அக்காளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இவள் சிரிக்கிறாள்.

ஆனால் ஆசியா உம்மாள் அவளுடைய கண்களைப் பார்த்தாள். முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். வாய்தான் சிரித்தது. கண்கள், ஆற்றில் காலுக்கடியில் தரை இல்லாமல் போன பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன. பிடி, பிடி என்று அவை கேட்டன.

"இவள வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஆசியா உம்மாள்.

அவள் பார்த்தது யாருக்கும் தெரியாது. சொன்னது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.

பிற்பாடு எத்தனையோ தடவை அந்த ஒரு நொடியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். துக்கம் அன்று அவளைக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. கோபம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது. கண்களைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் கோபத்தை விடாமல் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

"இந்தா வந்துட்டு," என்றாள் ஷம்ஸியா.

சுண்டுவிரல் முதலில் விட்டது. பிறகு மோதிர விரல். கடைசியில் கட்டைவிரல். உள்ளங்கை வெளுத்து, குழந்தையின் கைபோல மெத்தென்று இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. இருக்கும் என்று எதை நினைத்தாள் என்று ஆசியா உம்மாளுக்கே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தக் கையை உடம்போடு ஒட்டி நீட்டி வைத்தாள். அது நீட்டிய இடத்திலேயே கிடந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன், அவசரப்படக் கூடாதுன்னு," என்று ஷம்ஸியா, ஷமீமின் முடியைப் பிரித்துப் போட்ட மூன்று பின்னலில் கடைசியை முடிந்தாள். "ஏம் பிள்ளே மர்வா, அத்தர எடு. எங்கன வச்ச?"

"இங்கனதான் இருந்திச்சு."  மர்வா தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

* * *

புருஷனுக்காக வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நான்கு மாதம் பத்து நாளும் ஆசியா உம்மாள் செல்போனின் மணியை நிறுத்தி, அதிர்வில் மட்டும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரத்துக்கு அது ஸ்டூலின் மேல் துடிக்கத் தொடங்கும். ஷமீம். ஆசியா உம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அடித்து, நகர்ந்து, ஓயும். மறுபடி அடிக்காது. வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டாள். எதிர்ப்பக்கம் வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவதுபோல ஒரு குழறல். லாத்தா என்பது "யாத்தா" என்று கேட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு அதே சிரிப்பு. தின்றுகொண்டே பேசுகிறாள், அதிலும் சிரிப்பு வேறு என்று ஆசியா உம்மாள் போனை வைத்துவிட்டாள். 

பதினைந்து பதினாறு வெள்ளிக்குப் பிறகு அழைப்பு நின்றது. துபாயில் இருக்கும் மகன் ஆமிரிடம், "உன் சாச்சிக்கு ரோஷம் வந்துட்டு போல," என்றாள். "போன் பண்ணுதத நிறுத்திட்டா."

"நீங்க பண்ணிப் பாருங்களேம்மா."

"நான் எதுக்குலே பண்ணணும்?"

ஷமீமுக்குக் கட்டைவிரலால் அந்தப் பொத்தானை அழுத்த முடியாமல் போய்விட்டது என்பது ஆசியா உம்மாளுக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மர்வா ஒரு நாள் காலேஜுக்குப் போகாமல் நேரே ஏர்வாடிக்கு வந்து, கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வாசலில் நின்றாள். "பெரியும்மா, நீங்க உள்ள விடாட்டாலும் பரவால்ல. இத மட்டும் படிச்சிப் பாருங்க," என்றாள். ஃபைல் முழுக்க இங்கிலீஷ். அதைப் படிக்க முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான் படித்துச் சொன்னாள். சின்னப் பெண், முக்கூடல் பக்கத்துக்காரி. ஷமீமைச் சக்கர நாற்காலியில் வைத்து மர்வா வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகு ஆசியா உம்மாள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாபநாசம் அணைல தண்ணி கெடக்கு," என்றாள் டாக்டரம்மா. "உங்க தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல பாளையங்கால்வாய் ஓடுது. நடுவுல வாய்க்கா தூந்து போச்சுன்னா, அணைல தண்ணி இருந்து என்ன செய்ய? அதுமாதிரிதாம்மா. கையத் தூக்கணும்னு அவங்க நினைக்காங்க. நினைப்பு நல்லாத்தான் இருக்கு. அது கைக்கு வந்து சேர மாட்டேங்குது. மூளைலேந்து கழுத்துக்கும் தண்டுவடத்துக்கும் எறங்குத நரம்பும் காஞ்சு போவுது, அங்கேந்து சதைக்குப் போற நரம்பும் காஞ்சு போவுது. நாக்கும் சதைதான? அதான் பேச்சும் போச்சு."

"நாம சொல்லுதது புரியுதா அவளுக்கு?"

"எல்லாம் புரியும். கண்ணு மட்டும் கடைசி வரைக்கும் அசையும் பாருங்க."

ஆசியா உம்மாள் மேஜை மேலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிரிக்காளே?" என்றாள் கடைசியில்.

"அது சிரிப்பில்லம்மா. சிரிப்பு, அழுக இதெல்லாம் நமக்கு உள்ளுக்குள்ள வந்தாலும், வெளிய விடலாமா வேண்டாமான்னு மூளைலேந்து ஒரு பிடி இருக்கும். மடைல பலகை போட்டிருப்பாங்கள்லா, அதுமாதிரி. இவங்களுக்கு அந்தப் பலகை ஒடஞ்சிட்டு. மனசு லேசா கலங்கினாலே போதும், தொறந்துக்கிடும். அழ வேண்டிய நேரத்துல சிரிப்பா வரும், நிறுத்தவும் முடியாது. சில பேருக்கு மொதல்ல வாரதே இதுதான். வீட்டுல யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க."

கவனிச்சேன் என்று அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை ஏர்வாடியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். தலை சீவிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். ஷமீமின் புருஷன் முகம்மது இப்ராஹிம் வண்ணார்பேட்டையில் டயர் கடையில் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். "மைனி வந்தா அவ மொகம் தெளிவா இருக்கு," என்று மட்டும் ஒருதரம் சொன்னார். அது அவளுக்குச் சுகமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

மர்வா காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துக்கொண்டே வருவாள். வேண்டிய இடத்தில் ஷமீம் கண்ணை மேலே தூக்குவாள். மேலே தூக்கினால் ஆமாம். மூடினால் இல்லை. ஒரு தடவை ஆசியா உம்மாள் போட்ட டீயைக் கரண்டியில் குடித்துவிட்டு ஷமீம் அட்டையைப் பார்த்தாள். மர்வா ஓடிவந்து விரலை வைத்தாள்.  இப்போது கேட்கப் போகிறாள், எல்லாவற்றையும் கேட்கப் போகிறாள் என்று ஆசியா உம்மாள் நினைத்தாள். கால் மணி நேரம் ஆகியது. மர்வா கூட்டிப் படித்தாள்.

"'சீனி இல்ல'ங்கா பெரியும்மா."

மூவரில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஷமீமும் சிரித்தாள். அது எந்தச் சிரிப்பு என்று ஆசியா உம்மாளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அட்டை அங்கேயேதான் இருந்தது. அவள் எழுந்து போய்ச் சீனி எடுத்துவந்தாள்.

செய்ததைப் பொறுத்துக்கொள் என்று பொருத்தம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவை பஸ் ஏறும்போதும் இருக்கும். போகிறவர்களிடம் இருப்பவர்கள் கேட்க வேண்டியது அது. இருப்பவர்களிடம் போகிறவர்களும் கேட்பார்கள். ஒருவர் கேட்டு, இன்னொருவர் பொருந்திக்கொண்டேன் என்று சொன்னால், அதோடு இந்த உலகத்துக் கணக்கு இங்கேயே தீர்ந்துவிடும். அவள் கேட்க வேண்டியது இரண்டே வார்த்தை. ஆனால் எதற்காக என்று ஷமீம் கண்ணாலேயே கேட்டால்? தெரியாமல் கோபப்பட்டேன் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஷமீமுக்கு மட்டும் தெரியும். அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரி அவள்தானே. அக்காள் அவற்றைப் பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

கடைசியாக வந்து ஒன்பது நாள் தங்கினாள். மூச்சு தளர்ந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகு. ஒன்பது நாளில் எட்டு நாளைச் சீவுவதிலும் துடைப்பதிலும் போக்கினாள். நேற்று, வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். மர்வா அடுப்படியில் இருந்தாள். ஜன்னல் வெளிச்சம் ஷமீமின் கன்னத்தில் விழுந்தது.

"ஏளா, ஷமீம். என்னையப் பொருந்திக்கிடுவியா?"

அடுத்த வாக்கியத்தைக் கூடவே வைத்திருந்தாள். அன்னைக்கு ஒங் கண்ணப் பாத்தேன்ளா, பாத்துட்டுத்தான் அனுப்பினேன். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ஷமீம் சிரித்தாள்.

காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு குலுங்கியது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. எச்சில் புரையேறி முகம் கறுத்தது. மர்வா ஓடிவந்து, தலையை ஒருக்களித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் விட்டு மோட்டாரைப் போட்டாள்.

"என்ன சொன்னீய பெரியும்மா? உம்மாவச் சிரிக்க வைக்காதீயன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்."

"ஒண்ணும் சொல்லலம்மா."

மோட்டார் நின்றபோது ஷமீம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் மேலே போகவில்லை. மூடவும் இல்லை. காத்திருப்பதுபோல இருந்தது. அந்தச் சிரிப்பு, 'போ லாத்தா, இதுக்குப் போயா' என்ற சிரிப்பாக இருக்கலாம். அழுகையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் பலகை உடைந்த மடையாகவும் இருக்கலாம். மறுபடி கேட்டால் தெரிந்துவிடும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்கு, அவ்வளவுதான். மறுபடி புரையேறிவிட்டால் என்ன செய்வது என்று ஆசியா உம்மாள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் அவள் பயந்தது அதற்கு மட்டும் இல்லை.

காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துவிட்டாள். காலையில் அவள் சுபுஹு தொழுது ஸலாம் கொடுக்கும்போது, அடுத்த அறையில் மர்வா "உம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். இரண்டாம் தடவை கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது.

* * *

உடம்பு முழுக்கச் சுற்றிய கபன் துணியில் முகம் மட்டும் திறந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். ஜும்ஆவுக்கு முன்னால் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாசலில் மய்யித்தைத் தூக்கிப்போகிற சந்தூக்கு வந்து இறங்கிய சத்தம் கேட்டது. மோதினார் அலி அஸ்கர் நடையில் வந்து, உள்ளே பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"மய்யித்து மேல யாருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தா, அல்லாவுக்காவப் பொருந்திக்கிடுங்க."

"பொருந்திக்கிட்டோம்," என்றார்கள் பெண்கள்.

எல்லோரும் சொன்னார்கள். சொன்ன கையோடு எல்லோரும் ஆசியா உம்மாளைப் பார்த்தார்கள். பின்னால் ஒருத்தி அடங்கிய குரலில், "லாத்தாக்காரி வாயத் தொறக்கல பாரு. அவ வீட்டு மவுத்துலதான..." என்றாள். "இன்னுமா வச்சிக்கிட்டிருப்பா? சவத்தோடயா போராடுவா?" என்றாள் இன்னொருத்தி.

மோதினார் இரண்டாம் முறை கேட்டார்.

ஆசியா உம்மாளுக்கு அந்த வார்த்தை முழுசாக மனசில் நின்றது. பொருந்திக்கிட்டேன். இத்தனை பேர் சொன்ன சாதாரண வார்த்தை. அது வாய்க்கு வரவில்லை. நாக்கு கீழ்த்தாடையில் கிடந்தது, யாருடையதோ போல. ஷமீமுக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. உடனே அது எவ்வளவு பொய் என்றும் தெரிந்தது. அவளுக்கு வழி தூர்ந்து போயிருந்தது. தனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"சொல்லிரும்மா," என்று ஷம்ஸியா அவள் முழங்கையைத் தொட்டாள். "பாங்கு சொல்லிருவாவ. மூணாந்தடவ கேக்குததுக்குள்ள சொல்லிரு."

"எனக்கு அவ மேல ஒண்ணுங் கெடையாது."

"அப்போ பொருந்திக்கிட்டேன்னு சொல்லு."

"பொருந்திக்கிட ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்." குரல் தான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. நடையில் ஆண்களின் பேச்சு நின்றது. "அன்னைக்கு எங்க வீட்டுல அவ சிரிக்கல. அது சிரிப்பில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் வெளிய அனுப்பினேன். பொருத்தம் நான்தான் கேக்கணும்."

 ஷம்ஸியா கையை எடுத்துக்கொண்டாள். வாசல்பக்கமிருந்து முகம்மது இப்ராஹிமின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அவ அதெல்லாம் மனசுல வச்சிக்கிட மாட்டா மைனி."

யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆசியா உம்மாள் தலையாட்டினாள்.

"அன்னைக்கேவா?"

மர்வா. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அன்னைக்கே தெரியுமா பெரியும்மா ஒங்களுக்கு?"

ஆசியா உம்மாள் அவளைப் பார்த்தாள்.  ஷமீமின் முகத்தைத் துணியால் மூடச் சொன்னார்கள். மூடினார்கள். தூக்கினார்கள். சந்தூக்கு நடை திரும்பும்போது நிலையில் லேசாக இடித்தது. "பைய, பைய," என்றார் யாரோ.

* * *

ஜும்ஆ முடிந்திருக்க வேண்டும். தெருவில் சைக்கிள்களும் பேச்சும் திரும்பிவந்தன. அடக்கம் முடிந்து ஆண்கள் வர இன்னும் நேரமாகும். நடு அறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆசியா உம்மாள் ஷமீமின் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எழுத்து அட்டை சுவரோடு சாய்ந்து நின்றது. அடிக்கடி விரல் பட்ட இடங்கள் அழுக்கேறியிருந்தன. தலைமாட்டு ஸ்டூலில் மருந்துப் புட்டிகள், விக்ஸ் டப்பா, ஷமீமின் செல்போன். காலையிலேயே வீட்டிலிருந்த எல்லாப் போன்களின் மணியையும் மர்வா நிறுத்தி, அதிர்வில் வைத்திருந்தாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு ஆக ஐந்து நிமிஷம் காட்டியது.

மர்வா காலையிலிருந்து அவள் பக்கம் வரவில்லை. சர்பத் கொடுக்க வந்தவள்கூட அவளைத் தாண்டி அடுத்தவளிடம் டம்ளரை நீட்டினாள். அது சரிதான் என்று ஆசியா உம்மாளுக்குப் பட்டது.

தன் பையிலிருந்து போனை எடுத்தாள். பெயரைத் தேடிக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது எவ்வளவு லேசான காரியம் என்று அழுத்திய பிறகுதான் கவனித்தாள்.

ஸ்டூலின் மேல் ஷமீமின் போன் துடித்தது. விக்ஸ் டப்பாவில் மோதி டக்டக்கென்று சத்தம் கொடுத்தது. வாசலில் நிழல் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த மர்வா ஸ்டூலைப் பார்த்தாள். திரையில் 'லாத்தா' என்று இருந்தது. பிறகு, காதில் போனை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த ஆசியா உம்மாளைப் பார்த்தாள்.

"நிறுத்திரட்டுமா?" என்றாள் ஆசியா உம்மாள்.

மர்வா ஸ்டூல் அருகே வந்தாள்.

"உம்மா நிறுத்த விட மாட்டா," என்றாள். "வெரலு போனதுக்கப்புறம் ரெண்டு வெள்ளிக்கெழம நான்தான் போட்டுக் குடுத்தேன். காதுல பிடிச்சிக்கிட்டே இருப்பேன். பெரியும்மா எடுக்க மாட்டாங்க, வச்சிருதேன்னு சொன்னா, வேண்டாம்னு தலைய ஆட்டுவா. முழுசும் அடிச்சு முடியணும் அவளுக்கு."

ஆசியா உம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஸ்டூலில் ஒரு நூல் அளவு நகர்ந்து, டப்பாவைச் சுற்றிக்கொண்டு, ஓரத்துக்கு வந்தது. மர்வா குனிந்தாள். எடுக்கவில்லை. ஸ்டூலின் விளிம்புக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அடித்து முடியும்வரை அப்படியே நின்றாள்.